மொட்டு விரிவதற்குள்: ஐந்தாம் வகுப்பில் பொருளியல் கற்பித்த ஒரு பயிற்சி ஆசிரியை

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பொருளியல் என்ற பெயர் முதன்முதலில் தென்படுவது ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலின் இரண்டாம் பருவத்தில். லாபமும் நட்டமும் ஆறாம் வகுப்புக் கணக்கில்தான் முறையாக வருகின்றன. வரி பற்றிய பாடத்துக்கு ஏழாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டும். அதனால், எங்கள் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் தன் பள்ளிப் பயிற்சிக் காலத்தில் ஐந்தாம் வகுப்புக்குப் பொருளியல் கற்பிக்கப் போவதாக எழுதிக் கொடுத்தபோது, "'எண்ணும் எழுத்தும்' திட்டப் பயிற்சி நூலை முடிக்கவே நேரம் இல்லை, இது வேறா?" என்ற கேள்விதான் பணியறையில் முதலில் எழுந்தது. அவரை மேற்பார்வையிடும் பொறுப்பு என்னுடையது. சமூக அறிவியல் பாடவேளைக்குள் முடித்துக்கொள்ள வேண்டும், தலைமையாசிரியர் வேண்டாம் என்றால் நிறுத்திவிட வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டேன்.

பள்ளி, நிலக்கோட்டை வட்டாரத்தில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஈராசிரியர் பள்ளி என்பதால் நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் நடக்கும். சுற்றிலும் மல்லிகைத் தோட்டங்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியில் கணிசமான பங்கு இந்தப் பக்கத்து மண்ணில் விளைவதுதான். பிள்ளைகளின் வீடுகளில் சொந்தமாகச் சிறு தோட்டம் வைத்திருப்பவர்கள், கூலிக்குப் பூப் பறிப்பவர்கள், பூக்கட்டி விற்பவர்கள் என எல்லோரும் இருந்தார்கள். பயிற்சிக் காலம் தை மாத முகூர்த்தங்களை ஒட்டி அமைந்தது. பனியால் வரத்து குறைந்து, கல்யாணங்களால் தேவை ஏறி, மற்ற நாட்களில் கிலோ சில நூறு ரூபாய்க்குப் போகும் பூ ஆயிரங்களைத் தொடும் பருவம் அது. இவை எதையும் மனத்தில் வைத்து அந்த மாணவி பள்ளியைத் தேர்ந்தெடுக்கவில்லை. நிறுவனம் அனுப்பியது, போனார்.

அவர் கல்லூரியில் பொருளியல் படித்துவிட்டு வந்தவர். அந்தப் பட்டம்தான் முதல் வாரத்தில் அவருக்குக் குறுக்கே நின்றது. அவருடைய பாடக்குறிப்பேடு அழகாக இருந்தது: தேவைகள், விருப்பங்கள், பண்டமாற்று, பணம், சந்தை, லாபம். பட்டப்படிப்பின் முதல் ஆண்டு நூலைச் சுருக்கி, படம் ஒட்டி, எழுத்தைப் பெரிதாக்கியது போன்ற வரிசை.

தேவையும் விருப்பமும் பாடத்துக்கு அவர் இரண்டு அட்டைப் பெட்டிகளும் ஒரு கட்டுப் படங்களும் கொண்டுவந்திருந்தார். அரிசி, வீடு, உடை ஒரு பெட்டிக்கும், தொலைக்காட்சி, செல்பேசி, பூ, மிட்டாய் இன்னொரு பெட்டிக்கும் போக வேண்டும். பிள்ளைகள் செல்பேசியைத் தேவைப் பெட்டியில் போட்டார்கள். காரணம் கேட்டபோது, "காலையில் கமிஷன் கடையிலிருந்து விலை அதில்தானே டீச்சர் வரும்" என்றான் ஒருவன். (கமிஷன் கடை என்பது விவசாயியின் பூவைச் சந்தையில் விற்றுக் கொடுத்து, அதற்குக் கமிஷன் எடுத்துக்கொள்பவரின் கடை.) பூவையும் அதே பெட்டியில் போட்டார்கள். தலையில் வைக்கும் பூ விருப்பம், விற்கும் பூ தேவை என்று ஒரு சிறுமி பிரித்துச் சொல்ல, அப்படியானால் படம் எந்தப் பெட்டிக்கு என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தியது. பயிற்சி ஆசிரியை கடைசியில் கரும்பலகையில் சரியான விடையை எழுதி, அனைவரையும் நோட்டில் எழுதச் சொல்லி அமைதியை வாங்கினார்.

உற்றுநோக்கல் படிவத்தில் இதை நான் வகுப்புக் கட்டுப்பாட்டுச் சிக்கலாகப் பதியவில்லை. ஒரு பொருள் யாருடைய கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் பொருளாதார அர்த்தம் மாறுகிறது என்ற, கல்லூரி மாணவர்களே திணறும் விஷயத்தைப் பத்து வயதுப் பிள்ளைகள் எந்த உதவியும் இன்றிச் சொல்லிவிட்டார்கள். அதற்கு இடம் தராதது அந்த இரண்டு பெட்டிகள்தான். அன்று மாலை பாடக்குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு, பூவைப் பற்றி மட்டும் அவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கும்படி சொன்னேன்.

கேட்கக் கேட்க வந்தது. முகூர்த்த நாளுக்கு முந்தைய நாள்தான் விலை உச்சத்தில் இருக்கும், அன்றைக்கே அல்ல. மார்கழியில் கல்யாணம் கிடையாது, ஆனாலும் பூ வருவதே கொஞ்சம் என்பதால் விலை விழாது. பூ மலிந்துபோனால் சென்ட் தொழிற்சாலைக்காரர்கள் வாங்குவார்கள், ஆனால் அவர்கள் தரும் விலை பறிகூலிக்கே காணாது. விடிவதற்கு முன் பறித்த மொட்டு பிற்பகலுக்குள் கைமாறவில்லை என்றால் அது பூ அல்ல, குப்பை. அளிப்பு, தேவை, விலை, அழுகும் பொருள், மாற்றுச் சந்தை என்று நாம் அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து வைப்பதெல்லாம் இதில் இருக்கிறது.

இந்த இடத்தில் பலரும் நின்றுவிடுவார்கள். "கிராமத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும்" என்று நெகிழ்ந்து, படம் எடுத்து, அறிக்கையை முடித்துவிடலாம். பயிற்சி ஆசிரியை அப்படி நிற்காமல் மறுநாள் கேட்ட ஒரு சாதாரணக் கேள்வியால்தான் இந்த நிகழ்வு எழுதத் தகுந்ததாகிறது. பள்ளிக்கு எதிரில் உள்ள பெட்டிக்கடையில் பென்சில் ஐந்து ரூபாய். அந்தக் கடைக்காரர் அதை எவ்வளவு கொடுத்து வாங்கியிருப்பார்?

"ஐந்து ரூபாய்" என்றார்கள் பெரும்பாலானோர். உறையில் அச்சடித்திருக்கும் விலையை அரசாங்கம் போடுகிறது என்றும், அதனால் எல்லோரும் அந்த விலைக்குத்தான் வாங்கவும் விற்கவும் முடியும் என்றும் விளக்கம் சொன்னார்கள். அப்படியானால் கடைக்காரருக்குச் சாப்பாட்டுக்கு வழி? "அவர் வீட்டுக்கு வேண்டியதைக் கடையிலிருந்தே எடுத்துக்கொள்வார்." மல்லிகையில் ஒவ்வொரு கைமாற்றத்திலும் விலை கூடுவதை வரிசையாகச் சொன்ன அதே பிள்ளைகள்தான் இவர்கள்.

இது அந்தப் பள்ளியின் குறையல்ல. குஸ்டவ் ஜஹோடா என்ற உளவியலாளர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரப் பிள்ளைகளோடு கடை விளையாட்டு ஆடி 1979இல் வெளியிட்ட ஆய்விலும் இதுதான் தெரிந்தது. கடைக்காரர் விற்கும் விலைக்கும் அவர் வாங்கும் விலைக்கும் வேறுபாடு இருக்கும் என்பது சிறு பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. பத்து, பதினொரு வயதில்தான் மெல்ல விளங்கத் தொடங்கியது. கடைக்கும் வாடிக்கையாளருக்கும் உள்ள உறவு ஒரு முடிச்சு, கடைக்கும் மொத்த வியாபாரிக்கும் உள்ள உறவு இன்னொரு முடிச்சு. இரண்டையும் ஒரே கயிற்றில் பார்ப்பதுதான் கடினம். அவரே ஜிம்பாப்வேயில் 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் செய்து 1983இல் வெளியிட்ட இதே வகை ஆய்வில், வாங்கி விற்பதில் நேரடி அனுபவம் உள்ள அவர்கள் ஐரோப்பியப் பிள்ளைகளை முந்தியிருந்தார்கள். அனுபவம் வயதை முந்தும் என்பது அதிலிருந்து கிடைத்த செய்தி.

நிலக்கோட்டை வகுப்பில் நான் பார்த்தது அதற்கு அடுத்த படி. அனுபவம் வயதை முந்துகிறது, ஆனால் தன் சரக்கைத் தாண்டி வர மறுக்கிறது. கணக்கில் இது ஏற்கனவே தெரிந்த செய்திதான். பிரேசிலின் ரெசிஃபி நகரத் தெருக்களில் தேங்காய் முதலியவற்றை விற்ற 9 முதல் 15 வயது வரையிலான 5 பிள்ளைகளை ஆய்வாளர்கள் சோதித்து 1985இல் வெளியிட்ட கட்டுரையில், கடையில் நிற்கும்போது நூற்றுக்கு 98 கணக்குகளைச் சரியாகப் போட்டவர்கள், அதே கணக்கை வெறும் எண்களாகத் தாளில் தந்தபோது 37தான் சரியாகப் போட்டார்கள். கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி 2025இல் வெளிவந்த ஆய்வு இன்னொரு பக்கத்தையும் காட்டியது: பள்ளிக் கணக்கில் தேறிய பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். அறிவு இரு திசையிலும் தானாகக் கடப்பதில்லை. கடத்திவிட யாராவது வேண்டும்.

பயிற்சி ஆசிரியை அதற்குச் செய்த ஏற்பாடு எளிமையானது. புளியங்கொட்டைகள் நாணயம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் விவசாயி, பறிப்பவர், கமிஷன் கடைக்காரர், பூக்கட்டுபவர், தெரு வியாபாரி எனப் பிரிந்தார்கள். நான்காம் வகுப்பு முழுவதும் வாங்க வந்த கூட்டம். (நான்காம் வகுப்புக்குக் கடைசிவரை அந்த வேடம்தான் கிடைத்தது. ஒரே அறையில் இரண்டு வகுப்பை வைத்து நடத்துவதில் அவருக்கு இன்னும் பயிற்சி வேண்டும் என்று எழுதினேன்.) முதல் ஆட்டம் பூ. காகித மொட்டுகள். மணி அடித்தால் மொட்டு விரிந்துவிடும், பிறகு அதற்கு மதிப்பில்லை. ஒரு பையன் விலை ஏறட்டும் என்று கூடையை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். "டேய், விரிந்துவிடும்டா, கொடுத்துவிடு!" என்று சுற்றி இருந்தவர்கள் பதறினார்கள். விளையாட்டு என்பதை அவர்கள் மறந்திருந்தார்கள்.

இரண்டாவது ஆட்டம் பென்சில். அதே வேடங்கள், அதே புளியங்கொட்டை, அதே மணி. பூக்கூடைக்குப் பதிலாகப் பென்சில் பெட்டி. எந்த விதியையும் அவர் மாற்றிச் சொல்லவில்லை. மணி அடிக்கும் நேரம் நெருங்கியதும் பென்சில் வியாபாரிகள் பூ வியாபாரிகளைப் போலவே விலையைக் குறைத்துக் கூவித் தள்ளினார்கள். ஐந்து கொட்டைக்கு வாங்கிய பென்சில் இரண்டு கொட்டைக்குப் போனது. மணி அடித்தது. வெற்றுப் பெட்டியோடு ஒரு சிறுமி கேட்டாள்: "நான் ஏன் டீச்சர் குறைத்துக் கொடுத்தேன்? பென்சில் நாளைக்கும் பென்சில்தானே?"

முழுப் பயிற்சிக் காலத்திலும் மிக உயர்ந்த கற்றல் கணம் என்று நான் குறித்திருப்பது இதைத்தான். பூவில் அவசரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பூவுக்கு உள்ளேயே இருந்தவர்களால் பார்க்க முடியவில்லை; பக்கத்தில் அழுகாத ஒரு பொருளை வைத்தவுடன் தெரிந்துவிட்டது. பேரம் பேசும் பலம் சரக்கின் ஆயுளோடு கட்டப்பட்டிருக்கிறது என்ற பேச்சு அதிலிருந்து வளர்ந்தது. நெல்லுக்கு அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது, மல்லிகைக்கு அப்படி ஒன்றும் இல்லை என்பதை அவர் சொன்னபோது, ஏன் என்று கேட்க வகுப்பு தயாராக இருந்தது. முதல் நாளே சொல்லியிருந்தால் அது நோட்டில் ஒரு வரி, அவ்வளவுதான்.

பென்சில் வழியாகத்தான் பெட்டிக்கடைக்காரரிடமும் திரும்பிப் போனார்கள். உறையில் உள்ளது அதிகபட்ச விலை, அதற்கு மேல் விற்கக் கூடாது, குறைத்து விற்கலாம், அதைப் போடுபவர் தயாரிப்பாளரே என்று அவர் விளக்கியதும், "அப்படியானால் அவரும் கமிஷன் கடையிலிருந்து வாங்குகிறார்" என்று ஒருவன் சொன்னான். சொற்பிழை இருக்கிறது, பொருள் முழுவதும் சரி.

லாபப் பாடத்தில் அடி வாங்கியது பாடநூல். விற்ற விலையிலிருந்து வாங்கிய விலையைக் கழித்தால் லாபம் என்று அவர் எழுதினார். பேருந்து நிலையத்தில் பூ விற்கும் ஒருவரின் மகள் எழுந்தாள். நூல், கட்டுக்கூலி, பஸ் டிக்கெட் எங்கே என்றாள். அது சரி, கூட்டிக்கொள்வோம் என்றார் ஆசிரியை. "விற்காத பூ?" என்றாள். நம் லாப நட்டக் கணக்குகளை நினைத்துப் பாருங்கள். பழ வியாபாரி 50 மாம்பழம் வாங்குகிறார், 50 மாம்பழத்தையும் விற்கிறார். பெரும்பாலான கணக்குகளில் சரக்கு முழுவதும் விற்றுவிடுகிறது. மீந்து வாடும் சரக்கை யார் தலையில் கட்டுவது என்பதுதான் வியாபாரத்தின் மையமே என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. அதுவரை தெரு வியாபாரியும் கமிஷன் கடைக்காரரும் "கொள்ளையடிக்கிறார்கள்" என்று ஒரே குரலில் சொல்லிவந்த வகுப்பு, வாடும் பூவின் நட்டம் விற்ற பூவின் விலையில் ஏறியிருப்பதைப் பார்த்த பிறகு கொஞ்சம் தணிந்தது. கமிஷன் கடைக்காரர் மீதான கோபம் மட்டும் தணியவில்லை. அதற்குத் தனிக் காரணம் இருந்தது.

"நல்ல விலை கிடைக்கும் கடைக்கு ஏன் எல்லோரும் போவதில்லை?" என்று போட்டியைப் பற்றிய பாடத்தை அவர் தொடங்கினார். நூலில் உள்ளபடி வாங்குபவர்கள் பலர் இருந்தால் விற்பவர் தேர்ந்தெடுப்பார். ஒரு சிறுமி, "நாங்கள் போக முடியாது. அப்பா அங்கே முன்பணம் வாங்கியிருக்கிறார்" என்றாள். தொடர்ந்து இன்னும் இரண்டு மூன்று பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கடன் தொகைகளைச் சொல்லத் தொடங்கினார்கள், யாருடையது பெரிது என்பது போல.

கடனும் விற்பனையும் ஒரே ஆளிடம் பின்னிக்கொள்வதை வேளாண் பொருளியலில் தனித் தலைப்பாகவே படிக்கிறார்கள். முன்பணம் தந்தவரிடமே சரக்கைக் கொண்டுவந்தாக வேண்டும், அவர் போடுவதே விலை. கமிஷனிலும் எடையிலும் கேள்வி கேட்க முடியாது. அதே நேரத்தில் வங்கிக்கு வெளியே, மருத்துவச் செலவுக்கு இரவோடு இரவாகப் பணம் தருபவரும் அவர்தான். பட்டப்படிப்பில் இதைப் படித்திருந்த பயிற்சி ஆசிரியைக்கு, வகுப்பறையில் அது பெயரும் தொகையுமாக வந்து நின்றபோது பேச்சு வரவில்லை. பிறகு அவர் எடுத்த முடிவை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். தொகைகளைக் கரும்பலகையில் எழுதவில்லை. "நம் வீட்டுக் கணக்கு வீட்டோடு இருக்கட்டும், நாம் ஒரு குடும்பத்தை உண்டாக்குவோம்" என்று சொல்லி, கற்பனைக் குடும்பம் ஒன்றுக்குத் தோட்டமும் கடனும் கொடுத்து, கேள்விகளை அதன் மேல் திருப்பினார். ஊரில் அந்தக் கமிஷன் கடைக்காரர்களின் உறவுப் பிள்ளைகளும் இதே பள்ளியில் படிக்கலாம். பிள்ளை வகுப்பில் சொன்னது மாலைக்குள் சந்தைக்குப் போய்விடும். அனுபவத்திலிருந்து கற்பிக்கச் சொல்லும் நம் பயிற்சிக் கையேடுகள், அந்த அனுபவம் ஒரு குடும்பத்தின் கடனாக இருந்தால் என்ன செய்வது என்று சொல்வதில்லை.

இதே வகையில் இன்னொரு தர்மசங்கடமும் உண்டு. பூவைப் பற்றி இவ்வளவு தெரிந்த பிள்ளைகளில் சிலருக்கு அது தெரிந்தது விடியற்காலையில் தோட்டத்தில் நின்றதால்தான். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவுவதை அனுமதிக்கிறது. பள்ளி தொடங்கும் முன் பறித்துவிட்டு, கண் சொருக வகுப்பில் உட்காருவதை அந்த வரிகளுக்குள் எப்படி அடக்குவது என்பது வேறு பேச்சு. அந்த அறிவைப் பாராட்டும் ஆசிரியர் அந்தத் தூக்கமின்மையையும் சேர்த்துப் பாராட்டிவிடக் கூடாது. வகுப்பில் நன்றாகப் பேசிய ஒரு பையன் முகூர்த்த வாரத்தில் தொடர்ந்து தாமதமாக வந்தான். பயிற்சி ஆசிரியை அதைத் தலைமையாசிரியரிடம் சொன்னார். தலைமையாசிரியர் அவன் வீட்டுக்குப் போய்ப் பேசினார். தாமதம் குறைந்தது, நிற்கவில்லை.

இறுதி மதிப்பீட்டுக்கு எழுத்துத் தேர்வு வேண்டாம் என்று முடிவு செய்தோம். பிள்ளைகளுக்கு நேரடிப் பழக்கம் இல்லாத சரக்குகளைப் பற்றி வாய்மொழியாகக் கேட்டார். பொங்கலுக்கு மறுநாள் கரும்பு விலை என்ன ஆகும்? இதற்குத் தடையில்லாமல் விடை வந்தது. மழைக்காலம் முடிந்ததும் குடை வியாபாரி மீதிக் குடைகளை என்ன செய்வார்? இங்கே பிரிந்தார்கள். பாதிப் பேர் பூவைப் போலவே தள்ளிவிடுவார் என்றார்கள். மற்றவர்கள் பென்சில் ஆட்டத்தை நினைவுபடுத்தி, அடுத்த மழைக்கு வைத்துக்கொள்வார் என்றார்கள். முன்பணத்தைப் பற்றிச் சொன்ன சிறுமி இரண்டும் இல்லை என்றாள். சொந்தப் பணத்தில் வாங்கியிருந்தால் வைத்துக்கொள்வார், கடன் வாங்கி வாங்கியிருந்தால் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள், விற்றுத்தான் ஆக வேண்டும் என்றாள்.

இரண்டு பிள்ளைகள் கடைசிவரை பெட்டிக்கடைக்காரர் ஐந்து ரூபாய்க்குத்தான் வாங்குகிறார் என்ற நிலையிலேயே இருந்தார்கள். இருவர் வீட்டிலும் பூவோடு தொடர்பு இல்லை. அப்பாக்கள் வெளியூரில் கட்டட வேலை செய்கிறார்கள். பூவை எல்லோருக்கும் பொதுவான தொடக்கப் புள்ளி என்று எடுத்துக்கொண்டதில் இந்த இருவரும் ஓரத்தில் நின்றுவிட்டார்கள். கூலியிலிருந்து தொடங்கும் ஒரு பாடம் அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கும்.

எங்கள் மதிப்பெண் படிவத்தில் முன்னறிவைத் தூண்டுதல், துணைக்கருவி, கரும்பலகைப் பயன்பாடு, வலுவூட்டல் என்று கட்டங்கள் உண்டு. பாடக்குறிப்பைப் பின்பற்றினாரா என்ற கட்டத்தில் அவருக்குக் குறைவாகத்தான் போட முடியும், ஏனென்றால் பின்பற்றவில்லை. குறைவாகவே போட்டேன். குறிப்புரைப் பகுதியில் ஒரு முழுப் பக்கம் எழுதி இணைத்தேன். படிவத்தில் அதற்கு இடம் இல்லை என்று அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது, தனி உறையில் மறுபடி அனுப்பினேன்.

பயிற்சி முடிவதற்கு முன் ஒரு பையன் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. ரேஷன் கடையில் அரிசிக்குக் காசு வாங்குவதில்லை, அப்படியானால் நெல் விளைவித்தவருக்கு யார் காசு கொடுத்தார்கள்? தமிழ்நாட்டில் 2011 முதல் அரிசி அட்டைக்கு இலவச அரிசி. இந்தப் பிள்ளைகள் யாரும் அரிசிக்கு விலை இருந்த ரேஷன் கடையைப் பார்த்ததில்லை. அரசு விவசாயியிடம் நெல் வாங்கும் நேரடி நெல் கொள்முதல் நிலையம் வரை பயிற்சி ஆசிரியை விளக்கத்தைக் கொண்டுபோனார். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற இடத்தில், ஐந்து ரூபாய் பிஸ்கட் உறையில் 'அனைத்து வரிகளும் உட்பட' என்று இருப்பதைப் படிக்கச் சொல்லி, "நேற்று நீயும் கொஞ்சம் கொடுத்தாய்" என்றார். பையன் நம்பவில்லை. மணி அடித்துவிட்டது. மறுநாளோடு பயிற்சிக் காலம் முடிந்தது. அந்த உறைகளையும் புளியங்கொட்டைப் பையையும் வகுப்பாசிரியர் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறார். பருவம் முடிவதற்குள் பாடவேளை கிடைத்தால் அங்கிருந்து தொடர்வதாகச் சொன்னார்.